லண்டனில் ஒரு கைமாத்து

காலை ஏழரை மணி, ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. கோபிச்செட்டிபாளையத்தில் இந்நேரம் மதியம் ஒன்று. அக்கா சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு வாசல் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி உட்கார்ந்திருப்பாள். இங்கே சூரியனுக்கு இன்னும் விடியவே இல்லை. ஜனவரியில் எட்டு மணிக்குத்தான் வெளுக்குமாம், நாலரைக்கெல்லாம் மறுபடி இருட்டிவிடுமாம். என்ன ஊரப்பா இது!

டீ போட்டால் மேலே பழுப்பாய் ஒரு படலம் மிதக்கிறது. தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. கெட்டிலின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. சிறுவாணித் தண்ணீரில் பாதி ஆயுசைக் கழித்த நாக்குக்கு அந்த டீ இறங்க மறுத்தது. "சித்தி, இந்தத் தண்ணியால சாயங்காலம் எனக்கும் ஒரு வேலை கெடும், பாருங்க" என்றாள் அக்கா மகள். எனக்குப் புரியவில்லை. ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, குல்லாய், கையுறை என்று என்னை மூட்டை கட்டிக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குளிர் என்றால் எனக்கு ஊட்டியும் மார்கழியும், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கோவைக்குள் வீசும் ஆடிக் காற்றும்தான். இது வேறு ஜாதி. மூக்கின் உள்பக்கம் வலிக்கிறது. வாயைத் திறந்தால் புகை. நடைபாதையில் போகிற அத்தனை பேர் வாயிலிருந்தும் வெண்புகை வருவதைப் பார்த்து நின்றே விட்டேன். ஈர இலை வாசம், காப்பி வறுத்த வாசம், எங்கிருந்தோ வெங்காயம் பொரிகிற வாசம் எல்லாம் அந்தக் குளிரில் தனித்தனியாகத் தெரிகின்றன. சிவப்பு மாடி பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, விசில் இல்லை. காந்திபுரத்திலிருந்து வந்த காதுக்கு அந்த அமைதி அதிசயம். ஒருவர் காலை நான் மிதித்துவிட்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

டென்மார்க் ஹில் என்ற மேட்டில் இறங்கினோம். எதிரே கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை. அதை ஒட்டி, வெறும் கிளைகளோடு நிற்கும் மரங்களுக்கிடையே ஒரு பூங்கா. பெயர் ரஸ்கின் பார்க். இந்த மேட்டில் வாழ்ந்த ஜான் ரஸ்கினின் பெயர். 1904இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ரயில் பயணத்தில் காந்தி படித்துவிட்டு வாழ்க்கையையே மாற்றிக்கொண்டாரே, அந்தப் புத்தகத்தை எழுதியவர். அதைத் தழுவி காந்தி எழுதியதற்கு வைத்த பெயர்தான் நம் ஊர்க் கதர்க் கடைப் பலகையில் இருக்கும் 'சர்வோதயம்'. இத்தனை தூரம் வந்து, பனி பூத்த புல்லில் நின்றுகொண்டு கதர்க் கடை வாசத்தை நினைத்தேன்.

ஆனால் நான் பார்க்க வந்தது அந்த மருத்துவமனையைத்தான். காரணம் என் தம்பி.

1973. எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. கண் மஞ்சளானது, நகம் மஞ்சளானது. அம்மா வரப்பில் கீழாநெல்லி பறித்து வந்து அம்மியில் அரைத்து மோரில் கரைத்துக் கொடுத்தாள். எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை. மஞ்சள் காமாலை வந்த பிள்ளைகள் பெரும்பாலும் அப்படியே தேறிவிடும். வைரஸ் அடங்கும், ஈரல் தானே சரியாகும். இவன் தேறவில்லை. பகலெல்லாம் தூங்கினான், ராத்திரியெல்லாம் விழித்திருந்தான். அம்மாவைப் பார்த்து "நீங்க ஆருங்க?" என்றான். ஒன்பதாம் நாள் போய்விட்டான். "ஈரல் கைவிட்டிருச்சுங்க" என்றார் டாக்டர். ஈரல் யூரியாவாக மாற்ற வேண்டிய அம்மோனியா ரத்தத்தில் தேங்கி மூளைக்கு ஏறினால் இப்படித்தான் பகல் ராத்திரியாகும், பெற்றவள் அடையாளம் மறந்துபோகும் என்பதை நான் தெரிந்துகொள்ள ஐம்பது வருஷமாயிற்று.

(அம்மாவின் கீழாநெல்லியை நான் இளக்காரமாக நினைத்ததே இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற ப்ளம்பர்க்கும் சென்னையின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனாலும் வரப்போரத்துச் செடியை உலகமே ஒருமுறை குனிந்து பார்த்ததில் எனக்குப் பெருமைதான்.)

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ப்ளாஸ்கில் கொண்டுவந்த சுக்குக் காப்பியை உறிஞ்சியபடி அக்கா மகள் சொல்ல ஆரம்பித்தாள். ஈரல் முருங்கை மாதிரி. மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் மிச்சம் வளர்ந்து பழைய அளவை எட்டிவிடும். அதனால்தான் உயிரோடிருக்கும் ஒருவர் தன் ஈரலில் பாதியை இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிறது. "அப்புறம் ஏஞ்சாமி நம்ம மாமாவுக்கு வளரலை?" என்றேன். என் தம்பி, அவள் பிறக்கும் முன்பே போய்விட்ட அவளுடைய மாமன். "வளர்றதுக்கு நாள் வேணுமில்லீங்க சித்தி. அதுக்குள்ள விஷம் ஏறிடுது. மாமாவுக்கு அந்த நாள்தான் கிடைக்கலை."

முழு ஈரலை மாற்றி வைப்பது ஒரு வழி. இதே கிங்ஸில்தான், மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா 1997இல் பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு ஈரல் மாற்றினார். ஐந்து நாள்! அந்தச் சின்ன வயிற்றை நினைத்துப் பார்த்தேன், கை தானாக நெஞ்சுக்குப் போனது. ஆனால் ஈரல் கிடைக்க வேண்டும், பொருந்த வேண்டும். ஆயுசு முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேண்டும். தானாகத் தேறக்கூடிய ஈரலையும் அவசரத்தில் எடுத்துப் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி, ஈரலின் உயிரணுக்களை மட்டும் கொடுப்பது. ஜப்பானில் டாக்டர் மிட்டோ 1990களின் தொடக்கத்தில் நோயாளிகளின் சொந்த ஈரல் உயிரணுக்களையே எடுத்து மண்ணீரலில் வைத்துப் பார்த்தார். நம் பக்கத்து ஐதராபாத்தில் ஹபிபுல்லா குழுவினர், திடீரென ஈரல் செயலிழந்த 7 பேருக்கு வயிற்றறைக்குள் உயிரணுக்களைச் செலுத்தி 1994இல் எழுதினார்கள். நான் கோபிக்கும் கோவைக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இது நடந்திருக்கிறது!

அங்கிருந்து அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம். வாசலிலேயே கோட்டு, குல்லாய் எல்லாவற்றையும் கழற்றி வேறு அங்கி. ஒரு பெரிய எஃகுப் பானையின் மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை வழிந்து தரையில் படர்ந்தது. உள்ளே திரவ நைட்ரஜன், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி. காலையில் என்னை நடுக்கிய குளிர் இதன் முன்னால் சித்திரை மாதம். அந்தக் குளிருக்குள் குப்பிகளில் மனித ஈரலின் உயிரணுக்கள் உறங்குகின்றன. மூளைச் சாவடைந்தவர்களின் குடும்பம் கொடுத்து, கொழுப்பு மிகுந்ததாலோ வேறு குறையாலோ மாற்றி வைக்க லாயக்கில்லாமல் போன ஈரல்கள். இளஞ்சூடான திரவத்தில் ஒரு நொதியைக் கலந்து அதன் ரத்தக் குழாய்கள் வழியே ஓட்டினால், ஊறிய பருப்பு தோல் விடுகிற மாதிரி உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடுமாம்.

நுண்ணோக்கியில் குனிந்தேன். கூழாங்கற்கள் மாதிரி, ஓரம் மினுங்க, நூற்றுக்கணக்கில். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 40ஐ வரிசையாக வைக்கலாம். சிலவற்றின் நடுவே இரண்டு கருக்கள், இரட்டை மஞ்சள் கரு முட்டை போல. இடையிடையே நீலமாய்ச் சில. "நீலம் குடிச்சது செத்தது சித்தி. உசுரோட இருக்கறது சாயத்தை உள்ள விடாது." உறையவைத்து எடுப்பதில் நிறையச் செத்துப்போகின்றனவாம், நல்ல உயிரணு போதுமான அளவு கிடைப்பதுதான் இந்தத் துறையின் பெரும்பாடு என்றாள். நான் நீலமில்லாதவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் ஈரல். அவரை எரித்தோ புதைத்தோ எத்தனை நாளாயிற்றோ. நம் ஊரில் உறுப்பு கொடுத்தவர்களுக்கு 2023 முதல் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்கிறார்களே, அது எவ்வளவு சரியான காரியம் என்று அந்தக் கண்ணாடியில் குனிந்திருந்தபோது பட்டது.

நாலு மணிக்கு வெளியே வந்தால் அந்தி. வீடு சேர்ந்ததும் அவள் சமையலறையில் ஒரு வித்தை காட்டினாள். ஆல்ஜினேட் என்று ஒரு வெள்ளைப் பொடி. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில்கூட அந்தப் பாசி உண்டு. குழாய்த் தண்ணீரில் கரைத்தாள், திரிந்த பால் மாதிரி கட்டி தட்டியது. "பாத்தீங்களா? தண்ணியில இருக்கற சுண்ணாம்பு அதுக்குள்ளயே இதை இறுக்கிடுச்சு. சிறுவாணியா இருந்தா தேவலை." காலையில் என் டீயைக் கெடுத்த அதே சுண்ணாம்பு! வாலை வடித்த தண்ணீரில் மறுபடி கரைத்து, கால்சியம் கலந்த கிண்ணத்துக்குள் ஊசிக்குழல் வழியே சொட்டுச் சொட்டாய் விட்டாள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணமே உருண்டையானது. கண்ணாடி மாதிரி, வெந்த ஜவ்வரிசி மாதிரி. ஆத்தூர், சேலம் பக்கத்துக் களங்களில் ஜவ்வரிசி காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான், வாய் மூடவில்லை.

டாக்டர் அனில் தவன் தலைமையில் கிங்ஸில் செய்தது இதுதான். இந்த உருண்டைகளுக்குள் ஈரல் உயிரணுக்களை அடைத்துக் குழந்தையின் வயிற்றறைக்குள் செலுத்துகிறார்கள். உருண்டையின் நுண்துளை வழியே கழிவு உள்ளே போகும், ஈரல் செய்கிற புரதம் வெளியே வரும். தாக்க வரும் வெள்ளணு மட்டும் நுழைய முடியாது. ஆகவே எதிர்ப்பை அடக்கும் மாத்திரை வேண்டாம். 2011இல் ஒரு கைக்குழந்தைக்கு இப்படிச் செய்து, அதன் சொந்த ஈரலே தேறிக்கொண்டது. 2020இல் அவர்கள் எழுதிய கணக்கில் 8 குழந்தைகள்: 4 பேருக்கு ஈரல் மாற்றவே தேவைப்படவில்லை, 3 பேர் மாற்று ஈரல் கிடைக்கும்வரை தாக்குப்பிடித்தார்கள். எட்டே குழந்தைகள்தான், இதை வைத்து முரசு கொட்ட முடியாது என்று அவளே சொன்னாள். எனக்குக் கொட்ட வேண்டும் போலிருந்தது.

"அப்ப இது கைமாத்து மாதிரி" என்றேன். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, அறுப்புக்கு முன்னால் பக்கத்துக் காட்டுக்காரரிடம் வாங்கி நாலு நாள் ஓட்டுவோமே, அது. அவள் சிரித்து, "அதேதானுங்க சித்தி" என்றாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி பதினொன்றரை, தூங்காமல் இருந்தாள். கடற்பாசி, ஜவ்வரிசி, எட்டுக் குழந்தைகள் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், "எத்தன நாளைக்குத் தாங்குமாம்?" என்று கேட்டாள்.

"சில நாளு. ஈரல் எந்திரிக்கற வரைக்கும்."

"ஒம்பது நாளுக்கு மேலயா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் மகள் போனை வாங்கிப் பேசிக்கொண்டே போனாள். திரும்பி வந்து கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். "சித்தி, இதைக் கொட்டிரட்டுங்களா?"

"இருக்கட்டும் சாமி, காலையில கொட்டிக்கலாம்" என்றேன்.