மீட்டர்கேஜ் வகுப்பு

மதுரையில் சுற்றுலா மேலாண்மை படித்த காலத்தை நினைத்தால் வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை. ராமேஸ்வரம் போகும் மீட்டர்கேஜ் ரயில்தான் வருகிறது. மானாமதுரை, பரமக்குடி, ஜன்னல் நெடுகக் கருவேலங்காடு, மண்டபம் நெருங்கும்போது முகத்தில் உப்புக்காற்று.

வகுப்போடு அங்கே கள ஆய்வுக்குப் போகும்போது பயண வேலை முழுவதையும் பாடம் நடத்திய சார் எங்களிடமே விட்டுவிடுவார். ஒருவன் ரயில் சலுகைப் படிவத்துக்கு அலைவான். இன்னொருவன் சத்திரத்துக்கு இன்லேண்டு லெட்டர் எழுதுவான். பதில் வரும்வரை பயணம் நிச்சயமில்லை. தபால்காரரை அப்படி வழிபார்த்த காலம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். 1914இல் திறந்த பாலம். கப்பல் வந்தால் நடுவிலுள்ள தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் இயக்கித் திறப்பார்கள். 2007இல் பாலம் அகலப்பாதை ஆனது. 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தில் ரயிலின் தடதடப்பு உள்ளங்காலில் ஏறும், அதுதான் போய்விட்டது.

ராமேஸ்வரம் கோயிலில் எனக்குக் கொடுத்த வேலை 22 தீர்த்தங்களுக்கும் வழிகாட்டுவது. பெயர்களை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்திருந்தேன். கூட வந்த வடநாட்டுப் பாட்டிக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. வழுக்கும் கல்தரையில் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், ஈரப்புடவை மாற்ற ஓர் இடம் வேண்டும். இரண்டையும் சைகையாலேயே கேட்டார். வழிகாட்டியின் வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது அந்தப் பிராகாரத்தில்தான்.

மறுநாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017இல்தான் வந்தது. அன்றைக்கு மணலில் திணறிப்போகும் வேன்தான். இடிந்த தேவாலயத்தின் அருகே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் சார் எங்களை உட்கார வைத்தார். “நீங்க யாரும் பேசாதீங்கப்பா, ஐயா சொல்லட்டும்” என்றார். 1964 டிசம்பர் 22 புயல் இரவைப் பெரியவர் சொன்னார். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் இருந்த வண்டி. சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி வலையை எடுத்துக்கொண்டார். நாங்களும் எழுந்தோம்.

பருவத் தேர்வில் சார் கேட்டிருந்த கேள்விகளில் ஒன்று: தனுஷ்கோடியில் பெரியவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், அதற்குப் பிறகு நீங்கள் கேட்காமல் விட்டது என்ன? பத்து மதிப்பெண். கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். எனக்கு மட்டுமல்ல, அந்தக் கேள்விக்கு எங்கள் வகுப்பில் எல்லோருக்குமே தாள் போதவில்லை.