முட்டிவலி என்று சொன்ன பொய்

இந்த வாரம் பழைய புதுவைக் கதை எதுவும் இல்லை. என் நெஞ்சைப் பற்றி எழுதப்போகிறேன். நான் மருத்துவன் அல்ல. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டிய குமாஸ்தா. எனவே இதை வைத்தியக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு நோயாளியின் வாக்குமூலமாக வாசியுங்கள்.

1978-ல் எனக்குக் காசநோய் வந்தது. வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல், விடாத இருமல், ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று வீடே அழுதது. நல்லவேளை, அந்தக் காலம் போய்விட்டிருந்தது. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே குணமாகும் என்பதை, சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959-லேயே உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியிருந்தது. அதன் பலனை நானும் அனுபவித்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஐசோநயசிட் மாத்திரை என்று ஒன்றரை வருடம் ஓடியது. அந்த ஊசியால் வந்த காது இரைச்சல் இன்றும் துணைக்கு இருக்கிறது.

நோயைவிடப் பெரிய பாரம் அதை மறைப்பது. அம்மா எனக்கென்று தட்டு, டம்ளர் தனியாக எடுத்து வைத்தார். மேலதிகாரி ஒருவரைத் தவிர அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டர் 'குணமாகிவிட்டது' என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார். கோப்பை முடித்துப் பதிவறைக்கு அனுப்பிவிட்ட நிம்மதி எனக்கு. அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

2010-ல் ஓய்வு பெற்றேன். அதற்குச் சற்று முன்பிருந்தே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மார்கழியில் சளி கட்டினால் மாசி வரை போகாது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். பழைய நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது.

என் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. "ரிட்டையர் ஆனப்புறம் தினமும் சாயங்காலம் பீச்சுக்கு நடந்து போகணுங்க" என்பாள். இரண்டு நாள் போனோம். காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாம் நாள், "முட்டி வலிக்குது, நீ போய்ட்டு வா" என்றேன். அவள் நம்பினாள். எண்ணெய் காய்ச்சி முட்டியில் தேய்த்தும் விட்டாள். அந்தப் பொய்யை ஆறு வருடம் சொன்னேன். 2016-ல் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் இருமல் அதிகமானதும் மகள் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் எக்ஸ்ரேயில் தழும்பைப் பார்த்தார். சளியைப் பரிசோதிக்காமலே "டிபி திரும்பிடுச்சு" என்று மறுபடி மாத்திரை எழுதினார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். வயிறு புண்ணானதுதான் மிச்சம். பிறகுதான் நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். இளவயது டாக்டரம்மா. முதல் கேள்வியே, "ஐயா, எப்பவாவது டிபி வந்திருக்கா?" நாற்பது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆமாம் என்றேன்.

சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பிறகு ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அந்தக் கருவி கணக்கெடுக்கும். பிறகு மருந்தை மூச்சில் இழுக்கச் சொல்லி, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைத்தார்கள். எண் கொஞ்சம் கூடியிருந்தது.

"கிருமி என்னைக்கோ செத்துப்போச்சு ஐயா. ஆனா அது குடியிருந்த வீட்டை இடிச்சுட்டுப் போயிருக்கு. தழும்பை மாத்த மருந்து கிடையாது. சுருங்கிப்போன மூச்சுக்குழாயைக் கொஞ்சம் விரிக்கலாம். உங்களால இது யாருக்கும் ஒட்டாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நம் வயதுக்காரர்கள் எல்லோரையும் போல நானும் மிரண்டேன். பழகினால் விடாதாமே, இது கடைசிக்கட்ட வைத்தியமாமே என்றேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்கவைத்துவிட்டு நெஞ்சுக்கு வரும். இது நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. குமாஸ்தாவுக்குக் கணக்கு புரிந்தால் போதும், ஒப்புக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்தது இரண்டு. டையோட்ரோபியம் தினமும் காலையில், நாள் முழுக்க வேலை செய்ய. சால்பியூட்டமால் மூச்சு முட்டும்போது மட்டும். சிலருக்கு ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரும் தேவைப்படும். ஆனால் காசநோய் வந்த நெஞ்சுக்கு அதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் கொடுக்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலரை இரவல் வாங்கி இழுக்காதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒன்றும் பிரயோஜனமில்லை என்று புகார் சொல்லப் போனேன். "எப்படி இழுக்கறீங்க, காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒரு மாதமாக மருந்து முழுவதும் என் நாக்குக்குத்தான் போயிருக்கிறது! ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை மாட்டிக் கற்றுக்கொடுத்தார். நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதடுகளால் இறுகப் பற்றி, ஒருமுறை அழுத்தி, மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு விட வேண்டும்.

இதைச் செய்யும்போதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எங்கள் தேகப்பயிற்சி வாத்தியார் வெயிலில் நிறுத்தி வைத்து, "அன்ஸ்பிரே... எக்ஸ்பிரே" என்று கத்துவார். இழு, விடு என்று அர்த்தம். பிரெஞ்சில் எக்ஸ்பிரே என்றால் மூச்சை விடுவது மட்டுமல்ல, உயிரை விடுவதும்தான். நாங்கள் பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எண்ணிக்கை தவறினால் முட்டியில் பிரம்படி விழும். அறுபது வருடம் கழித்து அதே பாடத்தை மறுபடி படிக்கிறேன்.

அதே பள்ளியில் லென்னெக் என்ற பிரெஞ்சு டாக்டரைப் பற்றியும் படித்தோம். 1816-ல் பாரிஸில், ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டவர். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. நெஞ்சுநோய்களை அப்படி ஆராய்ந்தவரைப் பத்து வருடத்தில் காசநோயே கொண்டுபோயிற்று. அவருக்குக் கிடைக்காத மருந்துகள் நமக்குக் கிடைத்தன. கிடைத்தும் வெட்கத்தால் மூடி வைத்தேன்.

இன்ஹேலர் என்னை இளைஞனாக்கிவிடவில்லை. இரண்டாம் மாடி இன்னும் தூரம்தான். ஆனால் இப்போது சாயங்காலம் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடக்கிறேன். நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, விளக்கு அணைப்பதுபோல உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விட்டுவிட்டு, மறுபடி எழுந்துகொள்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

உங்களில் யாருக்காவது அந்தக் காலத்தில் காசநோய் வந்து குணமாகி, இப்போது மூச்சு வாங்கினால், வயதின் மேல் பழி போடாதீர்கள். டாக்டரிடம் பழைய கதையைச் சொல்லுங்கள். சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஊதிப் பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். அதற்கு முன்னால், வீட்டில் இருக்கிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என் முட்டிக்கு எண்ணெய் தேய்த்த கைக்கு நான் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.