முள்ளும் மொட்டையும்

1990ல் ஒரு சனிக்கிழமை இரவு. அமெரிக்காவில் ஒரு கல்லூரி விடுதி. மேஜையைச் சுற்றி ஐந்து மாணவர்கள். நடுவில் பல முகங்கள் கொண்ட பகடைகள், பென்சில்கள், ஆறிப்போன பீட்சா. பத்து மணி சுமாருக்கு ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. தகராறு பணத்தாலும் அல்ல, பெண்ணாலும் அல்ல. காகிதத்தில் மட்டுமே இருந்த ஓர் ஆயுதத்தால்.

அவர்கள் ஆடியது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974ல் வெளியான ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பாத்திரங்களில் வீரன், மந்திரவாதி, திருடன், மதகுரு என்று வகைகள் உண்டு. யார் எந்த ஆயுதத்தைத் தொடலாம் என்பதற்கும் விதிகள் உண்டு.

இதில் வில்லங்கமானது மதகுருவின் விதி. 1989ல் வந்த இரண்டாம் பதிப்பின்படி அவர் ரத்தம் சிந்தத் தயங்குபவர். ஆகவே அடித்து நொறுக்கும் மொட்டை ஆயுதங்கள் மட்டுமே அவருக்கு. வாள் கூடாது, கதாயுதம் கூடும். கதாயுதம் மண்டையில் விழுந்தால் ரத்தம் வராதா என்று கேட்கக் கூடாது! 11ம் நூற்றாண்டின் பாயூ துணிச்சித்திரத்தில் பிஷப் ஓடோ போர்க்களத்தில் தடியோடு நிற்பதை இதற்கு ஆதாரமாகச் சொல்பவர்கள் உண்டு. அது ஆயுதமல்ல, அதிகாரத்தைக் காட்டும் கோல் என்று மறுப்பவர்களும் உண்டு.

மதகுருவாக ஆடியவன் கூச்ச சுபாவி. யாருக்காவது அடிபட்டால்தான் அவன் ஞாபகம் வரும். காயத்தை ஆற்றிவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விடுவான். அன்று தன் பொற்காசுகளை எண்ணி வைத்து ஒரு மார்னிங் ஸ்டார் வாங்கினான். தடியின் நுனியில் முட்கள் பதித்த இரும்பு உருண்டை.

வீரனாக ஆடியவன் சீறினான். "முள் குத்தினால் ரத்தம் வரும். உன் விரதம் என்ன ஆயிற்று?"

இவன் பதில் பேசாமல் புத்தகத்தைத் திறந்து காட்டினான். ஆயுத அட்டவணையில் மார்னிங் ஸ்டாருக்கு நேரே 'பி' என்று ஒற்றை எழுத்து. அடித்து நொறுக்கும் வகை என்று அர்த்தம். முட்களைப் பற்றி அட்டவணை மூச்சு விடவில்லை.

ஒருவன் விதியின் நோக்கத்தைப் பேசினான், மற்றவன் விதியின் எழுத்தை. ஆனால் சண்டையின் வேர் கணக்கில் இருந்தது. மனித அளவுள்ள எதிரி மீது காலாள் கதாயுதத்தின் சராசரி அடி 4.5. நீள வாளுக்கும் அதே 4.5. மார்னிங் ஸ்டாருக்கு 5. அரைப் புள்ளி கூடுதல்! காயம் ஆற்றும் வரமும் குருவுக்கு, கனமான அடியும் குருவுக்கு என்றால் வீரனுக்கு என்ன மிச்சம்? ரத்தம் பற்றிய பேச்சு ஒரு போர்வைதான். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொள்வது போல ஆயுதங்களைப் பங்கு போடும் ஏற்பாடு அது.

நடத்துபவன் வீரன் பக்கம் தீர்ப்புச் சொன்னான். முள் என்றால் முள்தான். நாற்காலி காலியானது.

அந்த வாரம் முழுவதும் அந்தத் தீர்ப்பு அவனை உறுத்தியது. வீரனின் பங்கைக் காப்பாற்றியாயிற்று, சரி. ஒருநாளாவது முன்வரிசையில் நிற்க ஆசைப்பட்டவனின் பங்கு? அதைவிடப் பெரிய தப்பு, வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, காசு செலவான பிறகு விதி பேசியது.

குருவின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினான். "அட்டவணையில் இருப்பதுதான் விதி. உன் ஆயுதம் உனக்கே" என்றான். வீரனிடமும் பேசினான். புதையலில் கிடைக்கும் மந்திர வாள்களைக் குரு எந்நாளும் தொட முடியாது என்று நினைவூட்டினான். அரைப் புள்ளி அவனுக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சந்தேகத்துக்கு இடமான விதிகளை ஆட்டம் தொடங்குமுன் பேசித் தீர்ப்பது என்று ஐந்து பேரும் முடிவு செய்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை ஐந்து நாற்காலிகளும் நிறைந்தன.

புத்தகம் மட்டும் நிலையாக இல்லை. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு அதே ஆயுதம் நொறுக்கவும் செய்யும், குத்தவும் செய்யும் என்றது. கூடவே மொட்டை விதியையும் கைவிட்டு, குருவின் கையிலேயே அதைக் கொடுத்தது. 2014ல் ஐந்தாம் பதிப்பு, அது குத்தும் ஆயுதம் மட்டுமே என்றது. அதோடு போர்ப் பயிற்சி பெற்றவர்களுக்கான பட்டியலில் சேர்த்ததால், சாதாரணக் குருவுக்கு அது மீண்டும் எட்டாமல் போனது.

24 ஆண்டுகள் கழித்து வீரன் சொன்னதுதான் சரி என்று புத்தகம் ஒப்புக்கொண்டது. அன்றைக்கே அப்படி எழுதியிருந்தால், நடத்துபவன் அந்த அறைக் கதவைத் தட்டியிருப்பானா என்பது சந்தேகம்தான்.