மகள் படிக்கப் போன ஊர்



உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட என் மகள், சீனாவுக்குப் போய் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சீனா சென்றாவது கல்வி தேடும்படி கூறும் வாசகத்தை அவளுடைய வாப்பா எடுத்துச் சொன்னார். அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியிருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். உண்மையில் என் கவலை அதுவல்ல. பிள்ளை எதைச் சாப்பிடுவாள், எங்கே தொழுவாள் என்பதுதான். பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பியவர்களுக்கு இது விளங்கும்.

அவளுக்கு இடம் கிடைத்த நகரம் சீஆன். ஷான்ஷி மாகாணத்தின் தலைநகர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1 கோடியே 29 இலட்சம் பேர் வாழும் ஊர். நம் நாட்டுச் சனத்தொகையில் பாதிக்கும் மேல்! அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது நாங்கள் இருவரும் ஒரு கிழமை போய் வந்தோம்.

அதன் பழைய பெயர் சாங்ஆன். 'நீடித்த அமைதி' என்று பொருள். ஹான், தாங் முதலிய அரச வம்சங்களுக்கு அதுவே தலைநகராக இருந்தது. தாங் காலத்தில் (618 - 907) அங்கு சுமார் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தார்களாம். நகரைச் சதுரம் சதுரமாக நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளாகப் பிரித்து, இரவில் முரசு அறைந்து வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். பட்டுப் பாதை வழியே வந்த பிறநாட்டு வணிகர்கள் மேற்குச் சந்தையில் கடை விரித்தார்கள். உதுமான் (ரலி) அவர்களின் காலத்தில், 651இல், அரபுத் தூதுக்குழுவொன்று வந்ததைத் தாங் வரலாற்றுக் குறிப்புகள் பதிந்துள்ளன.

1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த மண் போர்வீரர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாங்களும் பார்த்தோம். மிங் காலத்து மதிலையும் பார்த்தோம். சுற்றளவு 13.7 கிலோமீற்றர். மகளும் வாப்பாவும் மதிலின்மேல் சைக்கிள் ஓட்டினார்கள். என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

நான் பார்க்கத் துடித்தது பெரிய பள்ளிவாசலைத்தான். முரசுக் கோபுரத்துக்கு அப்பால் உள்ள முஸ்லிம் தெருவில் நடந்து, ஓர் ஒடுங்கிய சந்துக்குள் திரும்ப வேண்டும். வாசலில் திகைத்துப் போனேன். குவிமாடம் இல்லை. நெடிய மினாரா இல்லை. வளைந்த ஓட்டுக் கூரைகள், மரவேலைப்பாட்டு வாயில்கள், முற்றத்துக்குப் பின் முற்றம். மினாராவாக நிற்பது எட்டுப்பட்டையான ஒரு மரக் கோபுரம். சீனக் கோயில்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கி அமைவன. இந்த வளாகமோ கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அங்கும் கிப்லா மேற்கே! இன்றுள்ள அமைப்பு 1392இல் தொடங்கியது. தொழுகை மண்டபத்தின் சுவர்ப் பலகைகளில் குர்ஆன் அரபியிலும் சீனத்திலும் செதுக்கப்பட்டிருக்கிறது.

சாப்பாட்டுக் கவலை முதல் நாளே தீர்ந்தது. 'சிங்ஜென்' என்ற இரண்டு எழுத்தைத் தேடிக் கடைக்குள் நுழையுங்கள் என்றாள் மகள். ஹலால் கடை என்பதற்கு அதுவே அடையாளம். 'யாங்ரோ பாவ்மோ' கேட்டோம். வெறுங்கிண்ணமும் தடித்த ரொட்டியும் வந்தன. ரொட்டியை நாமே பிய்த்துக் கடலையளவாகப் போட்டுக் கொடுத்தால், ஆட்டிறைச்சிச் சாற்றில் போட்டு ஆக்கித் தருவார்கள். நான் பெரிதாகப் பிய்ப்பதைக் கண்டு பக்கத்து மேசை மூதாட்டி சிரித்தார். எழுந்து வந்து என் கிண்ணத்திலேயே பிய்த்துக் காட்டினார். ஸலாத்தைத் தவிர எங்களுக்குள் பொதுவான ஒரு சொல்லும் இல்லை.

சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் 'சியாவ்ஜிங்' என்றொரு முறை அம்மக்களிடம் உண்டு. நம் உம்மும்மாமார் அரபுத்தமிழ்க் கிதாபுகள் ஓதியதை நினைத்துக்கொண்டேன். கொழும்பு நூதனசாலையில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அது கடற்படைத் தலைவர் செங் ஹோவுடையது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1413இல் அவர் சீஆனுக்கு வந்து, பள்ளிவாசலைச் சேர்ந்த ஹஸன் என்பவரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் சென்றதாக, அங்குள்ள இன்னொரு பள்ளிவாசலின் 1523ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

அவருக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பாஹியான் என்ற பௌத்தத் துறவி இதே சாங்ஆனிலிருந்து 399இல் புறப்பட்டு, இந்தியாவெல்லாம் சுற்றி இலங்கைக்கு வந்தார். அநுராதபுரத்தில் ஒரு வணிகர் காணிக்கை வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டதும் ஊர் நினைவில் கண்கலங்கியதாக அவரே எழுதியிருக்கிறார்.

திரும்பும் நாள் மகளின் விடுதி அலுமாரியில், போன வருடம் நான் கொடுத்தனுப்பிய மாசிச் சம்பல் போத்தலைக் கண்டேன். காலி. கழுவாமல் மூடி வைத்திருந்தாள்.

"ஏன் இதை எறியல்ல?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் மணம் இருக்கு உம்மா" என்றாள்.

கொண்டுபோன புதிய போத்தலை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.