கல் தூசியும் இதயமும்

திருமுக்கூடல் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது ஒரு கல்வெட்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேரும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். மூன்று ஆறுகள் கூடுவதால் முக்கூடல். இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1063 - 1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது சொல்கிறது. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள இரண்டு பெண்கள். இவர்களுக்கு என்ன கூலி, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதுகூட கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சுமார் 950 வருடங்களுக்கு முன்பே இவ்வளவு கணக்கு!

சரி, இன்றைக்கு வருவோம். இன்று திருமுக்கூடல், மதூர், சிறுதாமூர், பழவேரி பக்கம் போனால் கண்ணில் படுவது கல் குவாரிகளும் கிரஷர்களும்தான். பாலாற்று மணல் போன இடத்தில் எம்-சாண்ட் வந்தது. வீடு கட்டவும் ரோடு போடவும் ஜல்லி வேண்டும். மலையை உடைத்து, கிரஷரில் அரைத்து, டிப்பர் லாரிகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி போகும் சாலையோரத்தில் மரத்து இலை பச்சையாக இருக்காது, வெள்ளையாக இருக்கும்.

தூசி என்றால் மக்கள் சொல்லும் புகார் என்ன? கண் எரிச்சல், இருமல், சளி, மூச்சு இழுப்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெயர் வருவதே இல்லை. இதயம்!

மூக்கு வழியாகப் போகும் தூசிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். விஞ்ஞானிகளுக்கே இது புரிய வெகுநாள் ஆனது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 வருடங்கள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 1993-இல் முடிவு வெளியானது. புகைப்பழக்கம் போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், காற்று மிகவும் மோசமாக இருந்த ஊரில் இறப்பு விகிதம் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகம். அதன் பிறகு 2004-இல் இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு, எந்தெந்த நோயால் இந்தக் கூடுதல் சாவுகள் என்று பிரித்துப் பார்த்தது. நுரையீரல் நோய்களைவிட இதய நோய்கள்தான் மாசுடன் அதிகத் தொடர்பு காட்டின. எல்லோரும் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடி விழுந்தது பக்கத்தில் இருந்த இதயத்துக்கு.

இது எப்படி நடக்கிறது? தூசியின் அளவில்தான் விஷயம் இருக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்களை பி.எம். 2.5 என்கிறார்கள். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். இந்த நுண்தூசி நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்விடும். அங்கே அழற்சி உண்டாகும். அந்த அழற்சி ரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் பரவும். ரத்தக் குழாயின் உள்சுவர் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், தமனியில் கொழுப்புப் படிவது வேகமாகும்.

மிக மிகச் சிறிய துகள்கள் ரத்தத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. எடின்பரோவில் செய்த ஒரு பரிசோதனை 2017-இல் வெளியானது. தொண்டர்களைத் தங்க நானோ துகள்கள் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் அந்தத் தங்கம் அவர்கள் ரத்தத்தில் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. கழுத்துத் தமனி அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்யவிருந்த நோயாளிகளிடமும் இதையே செய்து பார்த்தபோது, அடைப்பு இருந்த இடத்திலேயே தங்கம் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கத்துக்குப் பதிலாக டீசல் புகை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நம்ம கிராமத்துக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது.

தெலங்கானாவில் ஹைதராபாத்துக்கு அருகே 28 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா ஆய்வாளர்கள் தலைமை. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய் அடுப்பு என்ன என்று கேட்டார்கள். காற்றை அளந்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கழுத்துத் தமனியின் சுவரை ஸ்கேன் செய்தார்கள். அந்தச் சுவர் தடித்துப்போனால் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். கிராமங்களின் வருட சராசரி பி.எம். 2.5 அளவு ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 33 மைக்ரோகிராம். நுண்தூசி கூடும் இடத்தில் தமனிச் சுவரும் தடிக்கும் போக்கு தெரிந்தது. ஆண்களிடமும் 40 வயது கடந்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தால், புகை போக வழியில்லாத சமையலறையில் விறகு எரித்தவர்களிடம் பாதிப்பு தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 33 என்ற எண்ணை. இந்தியாவில் 2009-இல் வைத்த வருட சராசரி வரம்பு 40. அதாவது அந்தக் கிராமங்கள் சட்டப்படி "நல்ல காற்று" உள்ள கிராமங்கள்! உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்போ வெறும் 5. 2024 டிசம்பரில் லான்செட் குழும இதழ் ஒன்றில் இந்தியாவின் 655 மாவட்டங்களை 2009 முதல் 2019 வரை பார்த்த ஆய்வு வந்தது. பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் இறப்பு 8.6 சதவீதம் கூடுகிறது என்றது. இந்திய வரம்புக்குக் கீழே இருக்கும் இடங்களிலும் இந்தப் பாதிப்பு இருந்தது.

இப்போது திருமுக்கூடலுக்குத் திரும்புவோம். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கிரஷரில் இருந்து பறக்கும் வெள்ளைத் தூசியில் பெரும்பகுதி பெரிய துகள்கள். இதயத்துக்குக் கெடுதல் என்று வலுவாக நிரூபிக்கப்பட்டிருப்பது நுண்தூசி. அது அதிகம் வருவது எரிப்பதில் இருந்து. லாரியின் டீசல் புகை, விறகடுப்புப் புகை, குப்பை எரிக்கும் புகை. அதற்காகக் கல் தூசி நல்லது என்று ஆகிவிடாது. அது நுரையீரலுக்கு எமன், அதிலும் கொஞ்சம் நுண்தூசி உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூசியும் இதயத்தைத் தாக்கும் தூசியும் ஒன்றல்ல.

பிரச்சினையே இங்கேதான். மக்கள் புகார் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் தூசி பற்றி. அதற்கு என்ன செய்வார்கள்? டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டில் தெளிப்பார்கள், லாரிக்குத் தார்ப்பாய் போடச் சொல்வார்கள். கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் தண்ணீர் தெளித்தால் டீசல் புகை அடங்காது. இலை மறுபடி பச்சையாகிவிடும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாதது அப்படியே இருக்கும். சட்டமும் இதே மாதிரிதான் பார்க்கிறது. கிரஷர்களுக்கான மத்திய அரசு விதியில் 40 மீட்டர் தூரத்தில் 600 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பு உண்டு. அது காற்றில் மிதக்கும் மொத்தத் தூசிக்கு. அதில் பி.எம். 2.5 எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது.

2019-இல் மத்திய அரசு தேசிய தூய காற்றுத் திட்டம் கொண்டுவந்தது. அதில் 131 நகரங்கள். தமிழ்நாட்டில் இருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. பெயரிலேயே தெரிகிறது, எல்லாம் நகரம். காற்று மாசு என்றால் நகரத்து வியாதி, கிராமத்துக் காற்று சுத்தம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. நகரம் கட்டுவதற்கான கல்லை உடைக்கும் கிராமம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மருத்துவத்தில் மட்டும் தமிழ்நாடு நன்றாகத்தான் செய்திருக்கிறது. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சோழர் காலத்தில் மருந்து இருப்பை எழுதி வைத்த மண்ணுக்குப் பொருத்தமான திட்டங்கள். ஆனால் இவையெல்லாம் நோய் வந்த பிறகு. நெஞ்சு வலி என்று போகிறவரிடம் "பீடி உண்டா? சுகர் உண்டா?" என்று கேட்பார்கள். "வீடு லாரி போற ரோட்டு மேலயா? அடுப்பு விறகா?" என்று கேட்பது அபூர்வம். 50 வயதில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், "மாரடைப்பு" என்று எழுதுவார்கள். 20 வருடம் சுவாசித்த காற்று அந்தத் தாளில் வராது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கிரஷர் கூட்டமாக உள்ள கிராமங்களில் பி.எம். 2.5 அளக்கும் கருவி ஒன்று, வருடம் முழுக்க ஓட வேண்டும். அந்த எண்ணை பஞ்சாயத்து அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிப்போட வேண்டும். வீட்டுக்கு வந்து பிரஷர் பார்ப்பவர்கள் கூடவே அடுப்பையும் ரோட்டையும் பற்றி இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். லாரிப் பாதை வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு விலகிப் போனால் இன்னும் நல்லது. வீட்டு அளவில் விறகை விட்டு கேஸுக்கு மாறுவது, 40 வயது தாண்டியவர்கள் பிரஷரைத் தவறாமல் பார்ப்பது, இரண்டும் இன்றைக்கே முடியும்.

இதற்குப் பலன் இருக்குமா? இருக்கும். அந்த ஆறு ஊர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் விடாமல் கவனித்து 2006-இல் மறுபடி எழுதினார்கள். காற்றில் நுண்தூசி குறைந்த ஊர்களில் இறப்பும் குறைந்திருந்தது. அங்கே அது தெரிய வந்ததற்குக் காரணம், அவர்கள் வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருந்ததுதான். திருமுக்கூடலிலும் முதல் வேலை அளப்பதுதான், நண்பர்களே.