பூட்டும் திறவுகோலும்

அரபியில் சாவியை ‘மிஃப்தாஹ்’ என்பர். திறக்கும் கருவி என்பது பொருள். தமிழின் ‘திறவுகோல்’ என்பதும் அதுவே. இரு மொழிகளும் திறத்தலையே முன்வைத்துள்ளன.

2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800 கார் ஒன்று எம் இல்லத்தில் இன்றும் ஓடுகிறது. அதன் நான்கு கதவுகளையும் ஒருசேரப் பூட்டும் சென்ட்ரல் லாக்கை அண்மையில் பொருத்தினோம். ஒவ்வொரு கதவினுள்ளும் 12 வோல்ட் சிறு மோட்டார் ஒன்று பழைய பூட்டின் தண்டை இழுக்கிறது, தள்ளுகிறது; அவ்வளவே. கீல் பக்கம் ஒயர் அறுபடாதிருக்க ரப்பர் உறையும், மின்வழியில் ஃபியூஸும் இன்றியமையாதவை.

பேட்டரி தீர்ந்தால் மோட்டார் இயங்காது. அவ்வேளை பின்னிருக்கையில் குழந்தைகள் இருக்கக்கூடும். ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றி, சாவியாலும் உட்பக்கக் குமிழாலும் கதவுகள் திறப்பதைக் கண்ட பின்னரே பணியை ஏற்றேன். அன்பர்களே, நீங்களும் பூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள், திறந்தும் பாருங்கள்.