கலாசாலையும் களமும்

சர்வதேச அபிவிருத்தி என்னும் துறையில் நூலறிவு ஒருபுறமும் கள அநுபவம் மறுபுறமுமாகப் பிரிந்து கிடப்பதைக் கண்டு நெடுநாளாக வருந்தி வந்த எனக்கு, ஆஸ்திரேலியாவில் 2009-ஆம் ஆண்டில் தோன்றி, அந்நாட்டுச் சர்வகலாசாலைகளும், தொண்டு ஸ்தாபனங்களின் கூட்டமைப்பான சர்வதேச அபிவிருத்திக் கவுன்சிலும் கைகோத்து வளர்த்த ஆர்.டி.ஐ. (ரிஸர்ச் ஃபார் டெவலப்மென்ட் இம்பாக்ட்) நெட்வொர்க் என்ற அமைப்பைப் பற்றி அறிந்தபோது உண்டான ஆனந்தம் சாமானியமானதன்று. பேராசிரியரின் கட்டுரை சஞ்சிகையில் வெளிவர வருஷங்கள் ஆகலாம். தொண்டு ஸ்தாபனத்தின் ஊழியரோ, நிதி கொடுத்தவர்களுக்குச் சில மாதங்களுக்குள் கணக்கும் பலனும் காட்டியாக வேண்டும். கால கதியே வேறான இவ்விருவரையும் ஒரே ஆராய்ச்சியில் சேர்ப்பது லேசான காரியமா?

அக்காரியத்தை மேற்கொண்ட அவ்வமைப்பின் பணிகளுள் என் சிந்தையை மிகவும் கவர்ந்தது, மனிதரை மதித்தல், நன்மை பயத்தல், ஆய்வின் தகுதியும் நேர்மையும், நீதி என்ற நான்கு தத்துவங்களின்மேல் எழுந்த ஆராய்ச்சி ஒழுக்க நெறியே. சர்வகலாசாலைக்கு, ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் ஒழுக்கக் குழு உண்டு. சிறிய தொண்டு ஸ்தாபனங்கள் பலவற்றுக்கு அது இல்லை. ஆயினும், வெள்ளத்தில் வீடிழந்த ஒரு தாயிடம் கேள்வித்தாளை நீட்டுகிறவர் எவராயினும், அவள் மனப்பூர்வமாகச் சம்மதித்தாளா, மறுத்தால் நிவாரணம் நின்றுவிடும் என்று அஞ்சிச் சம்மதித்தாளா என்று விசாரிக்கக் கடமைப்பட்டவரே. அவள் சொன்னதிலிருந்து பிறந்த முடிவுகள் அவளுடைய பாஷையிலேயே அவளிடம் திரும்பிச் சேர வேண்டும் என்பதையும் நான் இதனோடு சேர்த்தே வற்புறுத்துவேன்.